தனி வயலின்: எட்வின் ஞானமுத்து

நான்கு மணிக்குக் கூப்பிடுவார்கள். இப்போது மூன்று பத்து. இந்த ஆல்பம் நாற்பத்தேழு நிமிடம் ஓடும், முழுதாக ஒரு தடவை கேட்டுவிடலாம், கேட்டு முடிப்பதற்குள் என்ன சொல்வதென்று தெரிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சிடியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் பாட்டு மழைச் சத்தத்தில் தொடங்குகிறது. அவர்கள் ஊர் மழை. கால்வே என்று அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் ஒரு கடற்கரை ஊர். மழையைப் பதிவு செய்து அதன்மேல் கிடார் வாசிப்பார்களா என்று அன்றைக்கு எங்களுக்கெல்லாம் சிரிப்பு. சாலிகிராமத்தில் ஜூன் மாத வெயில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாமல் சுடவைத்திருக்க, அந்த மழை என் ஹாலில் பெய்கிறது. பக்கத்து அறையில் பெனிட்டா ஆபீஸ் வேலையாக யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறாள். என் மகள். அவள் அம்மா போனதிலிருந்து பெங்களூர் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடுதான் இருக்கிறாள். மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள், "இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு அந்த ஆல்பத்தத் திரும்பப் போடுறாங்க, உங்க பேரு சரியா இருக்கான்னு கூப்பிட்டுக் கேக்குறாங்க, இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியுதாப்பா?" தெரியுது என்றேன். ரசம் ஊற்றிக்கொண்டேன். "அம்மா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டாமல் இருந்திருக்கலாம். சும்மா சாப்பிட்டுக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

பெனிட்டாவிடம் நான் பாதிதான் சொன்னேன். மெயிலை அவளுக்குக் காட்டவில்லை. ஓர்லா எழுதியிருந்தாள், அன்றைக்கு அந்தக் குழுவோடு நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்திருந்த பெண், இப்போது அவர்களுடைய எல்லா வேலையையும் அவள்தான் பார்க்கிறாளாம். சிடியோடு வரும் அட்டைப் புத்தகத்தில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறோம், ஆறாவது பாட்டின் தனி வயலின் உங்கள் பெயரில் இருக்கிறது, நீங்கள் அப்போது அனுப்பிய ஃபேக்ஸும் எங்கள் கோப்பில் இருக்கிறது, ஆனால் ஃபின்டன் ஒப்புக்கொள்ள மறுக்கிறார், வாசித்தது ஒரு பெண் என்கிறார், அவருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது, ஞாபகப் பிசகாகவும் இருக்கலாம், நீங்கள்தான் தெளிவுபடுத்த வேண்டும். இவ்வளவுதான். ஞாபகப் பிசகாகவும் இருக்கலாம். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அவளாகவே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆமாம் அம்மா, பிசகுதான், அன்றைக்குப் பதினான்கு பேர் இருந்தோம், அவர் குழம்பியிருப்பார் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இசைக் கலைஞர் சங்கத்துக்காரர்கள் ஆகஸ்ட் மாதம் எடுக்கப்போகும் பாராட்டு விழாவும் நடக்கும், பெனிட்டா தோழிகளுக்கெல்லாம் அனுப்பிவைத்த செய்தியும் உண்மையாகவே இருக்கும். என் மனைவி சுகிர்தா வந்து மறுக்கப்போவதில்லை. சுகிர்தா இருந்தபோதே மறுக்கவில்லை.

இரண்டாவது பாட்டு. இதில் எங்கள் வயலின்கள் பின்னணியில் வருகின்றன, பதினான்கும் சேர்ந்து ஒரே போர்வை மாதிரி. அதற்காகத்தான் வந்தார்கள். சால்ட் பேரிஷ் என்பது அவர்கள் குழுவின் பெயர், நான்கு பேர், யாருக்கும் முப்பத்தாறுக்குமேல் வயது இருக்காது. நம் ஊர் சினிமாப் பாட்டுகளில் வயலின் கூட்டம் எழும்பும் விதத்தை எங்கோ கேட்டுவிட்டு, இதுதான் வேண்டும் என்று தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் சென்னைக்கே வந்துவிட்டார்கள். வடபழனியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம், மூன்று நாள். அந்தக் கூட்டத்துக்கு நான்தான் லீடர், முதல் நாற்காலி எனக்கு. சுகிர்தா கடைசி வரிசையில், சுவரோரம். அவள் எப்போதும் அங்கேதான். எங்கள் ஊரான நாசரேத்தில் ஒரே சர்ச் வாத்தியாரிடம் படித்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும், அவளுக்கு என்னைவிடச் சீக்கிரம் வந்தது, அதை வாத்தியார் என் எதிரிலேயே சொல்லியிருக்கிறார், அப்புறம் கல்யாணமாகி மெட்ராஸ் வந்ததும் நான் முன்னால் போனேன் அவள் பின்னால் போனாள், யாரும் யாரையும் தள்ளவில்லை, அது அப்படித்தான் நடந்தது. அப்படித்தான் நடந்ததா? எனக்கு ஒரு ரெக்கார்டிங் இருக்கும் நாளில் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி வீட்டில் வந்ததே இல்லை. அவளுக்கு இருக்கும் நாளில் மட்டும் வரும்.

பெனிட்டா எட்டிப் பார்க்கிறாள். "ரிகர்சலாப்பா?" என்று சிரிக்கிறாள். டீ வேண்டுமா என்கிறாள். வேண்டாம் என்றேன். மூன்றாவது பாட்டு ஓடி முடிந்து நான்காவதும் பாதி வந்துவிட்டது, நான் கேட்கவே இல்லை. ஆறாவதை நோக்கித்தான் எல்லாம் போகிறது. சப்பர், ராத்திரிச் சாப்பாடு, என்று அதற்குப் பெயர். ஃபின்டன் பாடுவான், அவன்தான் எழுதினது. உயரமான ஆள், கொஞ்சம் கூன் விழுந்த மாதிரி நிற்பான். முதல் நாளே எங்களை உட்காரவைத்து அந்தப் பாட்டின் கதையைச் சொன்னான். அவன் தம்பி ஒரு சாயங்காலம் படகை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. அவர்கள் அம்மா பதினொரு நாள் அவனுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாளாம், வாசலில் நின்று கடலைப் பார்த்துச் சாப்பிட வா என்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாளாம், பக்கத்துத் தெருவுக்கு விளையாடப் போனவனைக் கூப்பிடுகிற மாதிரி. பாட்டின் கடைசியில் ஒரே ஒரு வயலின் அப்படிக் கூப்பிட வேண்டும், ஒன்றரை நிமிடம், நோட்ஸ் எதுவும் எழுதித் தரமாட்டேன் என்றான். நான் எழுந்து மைக் முன்னால் போனேன். ஐந்து டேக் வாசித்தேன். நன்றாகத்தான் வாசித்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், மூன்றாவது டேக்கில் நம் ஆட்களே கண்ணைத் துடைத்தார்கள். அவன் கன்ட்ரோல் ரூமிலிருந்து வெளியே வந்து என் தோளில் கை வைத்து மிகவும் மரியாதையாகச் சொன்னான், "அருமையாக இருக்கிறது, ஆனால் நீங்கள் அழுதுவிட்டீர்கள். அவன் வரமாட்டான் என்று உங்களுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு, வருவான் என்று நினைக்கிறவர்கள் வேண்டும்."

அழத்தான் எனக்குத் தெரியும். அழுகைக்கு எட்வினைக் கூப்பிடு என்று கோடம்பாக்கத்தில் சொல்வார்கள். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்களுக்கு இரண்டாவது குழந்தை எட்டு மாதத்தில் வயிற்றிலேயே போயிற்று. பையன். ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றித் தந்தார்கள், நான் வாங்கிக்கொண்டேன், அவளிடம் காட்டலாமா என்று நர்ஸ் கேட்டாள், வேண்டாம் என்று நான் சொன்னேன். நான் சொன்னேன். அவளைக் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் என் மாமாவும் நானும் மட்டும். பெயர் வைக்கவில்லை, ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்குப் பெயர் எதற்கு என்று மாமா சொன்னார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு படத்துக்கு ரெக்கார்டிங் இருந்தது, கதாநாயகி அழுகிற காட்சி, நான் போனேன். ஒரே டேக்கில் ஓகே ஆனது. எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கு என்னிடம் இருந்ததையெல்லாம் அந்தக் கதாநாயகிக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், வந்து பார்த்தால் சுகிர்தா ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் அவளாகவே வந்து அரிசி களைந்துகொண்டிருக்கிறாள். எப்படிப் போச்சு அத்தான் என்று கேட்டாள். நல்லா போச்சு என்றேன். அதற்கப்புறம் அந்தப் பிள்ளையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. நான் பேசினால் அவள் உடைந்துவிடுவாள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அதுவும் நான் எனக்காகச் செய்துகொண்டதுதான்.

ஆறாவது ஆரம்பித்துவிட்டது. டிரம்ஸ் கிடையாது, ஒரு பழைய ஆர்மோனியம் மாதிரி ஒன்று மட்டும், அதன்மேல் அவன் குரல். ஐந்து டேக்குக்குப் பிறகு ஃபின்டன் மற்ற பதின்மூன்று பேரையும் பார்த்து, வேறு யாராவது முயற்சி செய்கிறீர்களா என்று கேட்டான். யாரும் அசையவில்லை, லீடர் உட்கார்ந்திருக்கும்போது யார் எழுவார்கள். கடைசி வரிசையில் ஒரு வில் மேலே போயிற்று. கையைக்கூடத் தூக்கவில்லை, வில்லைத்தான். எனக்கு முதலில் வந்தது கோபமா பயமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள், எழுந்து மைக் பக்கம்கூடப் போகவில்லை, மைக்கை அவளிடம் எடுத்துப் போனார்கள். இதோ. வருகிறது. முதலில் அவள் மூச்சு, வயலினுக்கு முன்னால் கேட்கிறது, அதை வெட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டான். அப்புறம் ஒரே ஒரு ஸ்வரம், விரல் நடுங்காமல், இழைக்காமல், நாங்கள் ஆண்டுக்கணக்கில் பழகிய எந்த அலங்காரமும் இல்லாமல், அடுப்படியிலிருந்து வாசலுக்குக் குரல் கொடுக்கிற மாதிரி. நிற்கிறது. பதில் வருகிறதா என்று பார்க்கிறது. மறுபடியும், கொஞ்சம் சத்தமாக. நிற்கிறது. மூன்றாவது தடவை கொஞ்சம் செல்லக் கோபம், சோறு ஆறுது, எங்கடா இருக்க. எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது, அவள் யாரோ ஐரிஷ்காரன் தம்பியைக் கூப்பிடவில்லை. எங்கள் பையன் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறான். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் அவளோடு ஒரு பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான், நான் அதே வீட்டில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன், எனக்குத் தெரியவில்லை. கடைசி ஸ்வரம் முடியாமலே நின்றுபோகிறது. ஒரே டேக். நான் என் ஷூவில் விழுந்திருந்த, வில்லுக்குத் தடவும் ரோசின் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது பாட்டு வேகமானது, எல்லா ஆல்பத்திலும் இப்படி ஒன்று இருக்கும், கேட்டவர்கள் மூச்சு விடுவதற்காக. எனக்கு மூச்சு வரவில்லை. இத்தனை வருடம் நான் எனக்குச் சொல்லிவந்த கதை என்னவென்றால், பதிவு முடிந்ததும் சுகிர்தா பெனிட்டாவை ஸ்கூலிலிருந்து கூட்டிவர ஓடிவிட்டாள், ஓர்லா நோட்டுப் புத்தகத்தோடு வந்து லீட் வயலின் யார் என்று கேட்டாள், லீட் நான்தானே, என் பெயரைச் சொன்னேன், அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். பாஷைக் குழப்பம். யாரிடமும் இதைச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு இருந்த வாசிப்பாளர்கள் தெரிந்தும் சும்மா இருந்தார்கள், புருஷன் பெண்சாதி விவகாரம், நமக்கெதற்கு. ஆனால் அது கதை. நடந்தது வேறு. ஓர்லா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, அவள் சரியாகத்தான் எழுதிக்கொண்டு போனாள். மே மாதம் எங்கள் தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு ஃபேக்ஸ் வந்தது. தனி வயலின்: சுகிர்தா எட்வின். பெயர் சரிதானா, பிழையிருந்தால் திருத்தி அனுப்பவும். பூத்தில் மின்விசிறி ஓடவில்லை, தாள் கையில் ஒட்டியது. கடைக்காரரிடம் பேனா வாங்கினேன். சுகிர்தா என்பதை அடித்தேன். எட்வினை அடிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் ஞானமுத்து என்று எழுதினேன். ஒரே ஒரு கோடு, ஒரே ஒரு பெயர். ஏன் செய்தாய் என்று யாராவது கேட்டால், பதின்மூன்று பேர் எதிரில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லலாம். அது பாதிதான். அந்த ஒன்றரை நிமிடத்தில் அவள் சொன்னதைக் கேட்டவன் என்பதால் நான் அவளுக்குப் பதில் சொல்லியாகவேண்டியிருந்தது. என் பெயரைப் போட்டுவிட்டால் அது வெறும் வாசிப்பு, எனக்குச் சேதி எதுவும் வரவில்லை என்று ஆகிவிடும்.

அந்தத் தாளை வயலின் பெட்டியில் வெல்வெட்டுக்கு அடியில் வைத்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம், ஏன் வைத்தேன். அடுத்த வருடம் பார்த்தபோது அது அங்கே இல்லை. நான்தான் எடுத்துப் போட்டேனா, அவள் பெட்டியைத் துடைக்கும்போது எடுத்தாளா, இருபத்துநான்கு வருடமாக இந்த இடத்தில் வந்து நிற்கிறேன், இதற்கு மேல் போகத் தெரியவில்லை. சிடி வந்த அன்றைக்கு அவள்தான் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். புத்தகத்தைப் புரட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தாள். "பேரு பிழையில்லாம போட்டிருக்காங்க அத்தான்" என்றாள். என்னிடம் கொடுத்துவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள். பிழையில்லாமல் என்று ஏன் சொன்னாள்? ஃபேக்ஸைப் பார்த்துவிட்டா சொன்னாள், சும்மா சொன்னாளா? அப்புறம் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை போதகர் என்னை அந்த ஐரிஷ் பாட்டின் வயலின் பகுதியை வாசிக்கச் சொன்னார், நான் வாசித்தேன், அவள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்க அவளுடைய பிள்ளையை நான் கூப்பிட்டேன். ஸ்கூட்டரில் திரும்பும்போது கோயம்பேடு தாண்டி ஒரு சிக்னலில் பின்னாலிருந்து சொன்னாள், "ரெண்டாவது தடவ கூப்பிட்டதும் கொஞ்சம் நிக்கணும். நீங்க நிக்காம போயிட்டீங்க." அவ்வளவுதான் அவள் அதைப் பற்றிச் சொன்னது, மொத்த வாழ்க்கையில். கொஞ்ச நாளில் ரெக்கார்டிங் போவதையும் விட்டாள், ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சரானாள். இந்தப் பிப்ரவரியில் கணையத்தில் கட்டி என்றார்கள், பதினொரு வாரம். கடைசி வாரம் ஒருநாள் யாரும் இல்லாதபோது ஆரம்பித்தேன், "சுகி, அந்தச் சிடி..." அவள் கண்ணைத் திறக்காமல், "அந்த ஜன்னலச் சாத்துங்க அத்தான், வெயிலடிக்கிது" என்றாள். சாத்தினேன். சாத்திவிட்டுத் திரும்பி வந்து தொடர்ந்திருக்கலாம். தூங்கிவிட்டாள் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆல்பம் முடிந்துவிட்டது. கடைசிப் பாட்டு எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. எனக்கு எதுவும் தெரிந்துவிடவில்லை. பெனிட்டா லேப்டாப்பைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்து, சட்டைக் காலரைச் சரி செய்து, பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நீ உள்ளே போ என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. திரையில் ஓர்லா வந்தாள், முடி முழுக்க நரைத்திருக்கிறது. வணக்கம் சொன்னாள், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்றாள், நேரே விஷயத்துக்கு வந்தாள். "ஆறாவது பாட்டு, தனி வயலின். எங்கள் அட்டையில் இருப்பது சரிதானா?" பெனிட்டா சிரித்த முகமாக என்னைப் பார்த்தாள். ஞாபகப் பிசகு என்ற வார்த்தை நாக்கில் இருந்தது. "சரியில்லை" என்றேன். "வாசித்தது என் மனைவி. நீங்கள் சரியாகத்தான் எழுதியிருந்தீர்கள். ஃபேக்ஸில் அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினது நான்." இங்கிலீஷில் சொல்வது சுலபமாக இருந்தது, யாரோ பேசுகிற மாதிரி. பக்கத்து நாற்காலியில் என்ன நடக்கிறது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஓர்லா பேனாவை எடுத்து, பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். சுகிர்தா என்பதைச் சொன்னேன். "பின்னால் என்ன? எட்வினா?" இல்லை என்றேன். தங்கராஜ், அவள் அப்பா பெயர், நாசரேத் சர்ச்சில் அவள் முதல்முதல் வாசித்தபோது நோட்டீசில் அப்படித்தான் போட்டிருந்தார்கள், சுகிர்தா தங்கராஜ். ஓர்லா எழுதிக்கொண்டாள். "அவர் அங்கே இருக்கிறாரா? ஃபின்டன் பேச ஆசைப்படுகிறார்." "ஏப்ரலில் இறந்துபோனாள்" என்றேன். "நாற்பத்தொரு நாள் ஆகிறது."

பெனிட்டா எழுந்துவிட்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று தமிழில் கேட்டாள். தெரியும் என்றேன். "ஒண்ணுமே சொல்லலியா?" சொல்லவில்லை. "நீங்க கேக்கலியா?" கேட்கவில்லை. அதற்குள் திரையில் இன்னொரு முகம் வந்திருந்தது, கன்னம் ஒட்டிப்போன ஒரு கிழவன், கூனை வைத்துத்தான் ஃபின்டன் என்று தெரிந்தது. அவன் என்னைத் திட்டவில்லை. உங்கள் மனைவிக்காக வருந்துகிறேன் என்றான். மஞ்சளும் பழுப்புமாக ஒரு புடவை கட்டியிருந்தார், தலையில் பூ இருந்தது, நாற்காலியை இரண்டு அங்குலம் திருப்பிப் போட்டுக்கொண்டார் என்றான். எனக்குப் புடவை ஞாபகமில்லை. பூ ஞாபகமில்லை. முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்தவன், அவளுடைய அந்த ஒன்றரை நிமிடத்தை ஒரு அந்நியன் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். "நான் அவளைப் பார்க்கவில்லை" என்றேன். "வாசிக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது? அழுதாளா? கண்ணை மூடியிருந்தாளா? எனக்குச் சொல்லுங்கள்." அவன் கண்ணாடியைக் கழற்றினான். "இல்லை, மூடவில்லை" என்றான். "கண்ணைத் திறந்துதான் வாசித்தார். நாற்காலியை எதற்குத் திருப்பினார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. முன்வரிசையில் உங்களைப் பார்ப்பதற்காக. கடைசிவரை உங்களைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்தார்." பெனிட்டா ஜன்னலை விட்டுத் திரும்பியிருந்தாள். நான் அவனிடம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.